ஒரு கட்டை அசையாது

நாங்கள் நாலு பேர், ஒரு சைக்கிள். 2022 யூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேற ஆருக்கும் பெற்றோல் இல்லை என்று அரசாங்கம் அறிவிச்ச நேரம், கோண்டாவிலில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்த நாங்கள் காசு சேர்த்து வாங்கினது. ஆரோ பாவிச்ச மவுண்டன் சைக்கிள். நாலு பேரும் கலைப்பீடம்: ஒருத்தி வரலாறு, ஒருத்தி புவியியல், ரெண்டு பேர் தமிழ். இதை எழுதுறது ஒருத்தி, பக்கத்தில இருந்து "அப்பிடி இல்லையடி" என்று திருத்துறது மற்ற மூண்டு பேர். அதால இதில் வாறது எல்லாம் "நாங்கள்" தான்.

அந்த வருசம் மார்கழியில் ஒரு நாள் காலமை நல்ல மழை. புவியியல்காரி பலாலி வீதியால கம்பஸுக்குப் போய்க்கொண்டிருந்தவள். திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட, முன்னால போன லான்ட்மாஸ்டர் சடாரென்று நிண்டது. அவள் ரெண்டு பிறேக்கையும் பிடிச்சிருக்கிறாள். சைக்கிள் நிக்கேல்லை. பெட்டியின் பின்பக்கத்தில் போய் அடிபட்டு விழுந்து வலது கை மணிக்கட்டு முறிஞ்சது. ஆறு கிழமை பிளாஸ்டர். தை மாதப் பரீட்சையில் மூண்டு பாடம் எழுத முடியாமல் போய், அடுத்த வருசப் பிள்ளைகளோடு இருந்து எழுத வேண்டிய நிலை வந்தது.

பிறேக் ஏன் பிடிக்கேல்லை என்றதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. எங்கட சைக்கிளில் இருந்தது றிம்மை ரெண்டு பக்கத்தாலும் நெரிக்கிற சாதாரண றப்பர் கட்டை. மழைக்குள் றிம்மில் தண்ணி படர்ந்திருக்கும். கட்டை முதல் அந்தத் தண்ணியைத் துடைச்சுப்போட்டுத்தான் பிடிக்கத் தொடங்கும். கோண்டாவில் பக்கம் செம்பாட்டு மண் வேற. மழை பெய்தால் றிம் முழுக்கச் சிவப்புக் குழம்பு, அது கட்டையையும் அராவும், றிம்மையும் அராவும். எங்கட கட்டைகள் ஏற்கெனவே தேஞ்சு வழுவழுவென்று இருந்தன. அதைப் பாக்க வேண்டியது நாலு பேரும்தான். நாலு பேரில் ஒருத்தியும் பாக்கேல்லை.

சந்திக்குப் பக்கத்தில் ஒரு ஐயா சைக்கிள் திருத்துறவர். எழுபது வயது இருக்கும். தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் இந்த ஊரை ஓட வைச்ச ஆக்களில் ஒருவர். டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட கதை, பழைய டயரை வெட்டிப் பிறேக் கட்டை செய்த கதை எல்லாம் அவரிட்டக் கேக்கலாம். டிஸ்க் பிறேக் போடப் போறம் என்றதும் அவர் சொன்னது: "உதுக்கு ஏன் பிள்ளையள் காசைக் கரியாக்கிறியள்? நல்ல கட்டை ரெண்டு சோடி போட்டு, புதுக் கேபிளும் போட்டால் மழைக்கும் நிக்குமே."

அவர் சொன்னது சரி. அதை இப்பவும் சொல்லுறம். நாங்கள் உண்மையில் அதைத்தான் முதலில் செய்தோம். சைக்கிளும் நல்லா நிண்டது. ஆனால் அவள் ஏறவில்லை. பிளாஸ்டர் வெட்டின பிறகு வலது கையால் ஒரு தேத்தண்ணிக் கோப்பையை இறுக்கிப் பிடிக்கவே அவளுக்குக் கன நாள் எடுத்தது. பிறேக்கை முழுக் கையாலும் நெரிக்க வேணும் என்றால் தன்னால் ஏலாது என்றாள். டிஸ்க் என்றால் ரெண்டு விரல் போதும், மழைத் தண்ணியும் அவ்வளவு உயரத்துக்கு வராது என்று எங்கேயோ பாத்திருக்கிறாள். அவளை விட்டுட்டு மூண்டு பேர் மாறி மாறி ஓடுறது எங்களுக்குச் சரியாப் படேல்லை.

ஐயாவிட்டப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டோம். "எனக்கு உந்தச் சாமான் பழக்கமில்லை. பழுதாக்கிப் போடுவன்" என்றார். நாற்பது ஐம்பது வருசம் வேலை செய்த ஒருவர் "தெரியாது" என்று அவ்வளவு லேசாகச் சொன்னது எங்களுக்குப் புதுசு. எங்கட வகுப்பறைகளில் அந்தச் சொல் அபூர்வம்.

சரி, நாங்களே போடுவம்.

எல்லாச் சைக்கிளுக்கும் டிஸ்க் போட ஏலாது. பின் சில்லு அச்சுக்குப் பக்கத்தில், இடது பக்கம், பிறேமோடு ஒட்டின தட்டில் ரெண்டு ஓட்டை இருக்கவேணும். முன் போர்க்கிலும் இருக்கவேணும். எங்கட சைக்கிளில் இருந்தது. ஆறு மாதமாய் அந்த ஓட்டையில் நாங்கள் கொழுவி வைச்சிருந்தது பூட்டுச் சங்கிலி. சில்லும் மாத்தவேணும், ஏனென்றால் டிஸ்க்கைப் பூட்ட ஹப்பில் ஆறு ஓட்டை வேணும். பழைய சில்லுச் சோடி ஒன்று, 160 மில்லிமீற்றர் டிஸ்க் ரெண்டு, கேபிளில் வேலை செய்யிற கலிப்பர் ரெண்டு. அப்ப மகாபொல மாதம் 5000 ரூபாவாக இருந்தது, அதில் நாலு மாதமாய்ப் பிச்சுப் பிச்சு எடுத்து வாங்கினோம். ஒயிலில் வேலை செய்யிற வகை இன்னும் நல்லாப் பிடிக்குமாம். ஆனால் அதில் காத்துப் புகுந்தால் எடுக்கத் தனிச் சாமான் வேணும். கேபிள் அறுந்தால் எந்தச் சந்தியிலும் வாங்கலாம். பழைய பிறேக் லிவரையும் மாத்தத் தேவையில்லாமல் போச்சு. எங்கட கலிப்பர் அதே அளவு கேபிள் இழுக்கிற வகை. சாமான் வாங்கின கடையில் "அண்ணா தம்பி ஆரும் இல்லையோ, கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்றார்கள். இருக்கினம், ஆனால் அவைக்கும் தெரியாது என்றோம்.

டிஸ்க்கில் ஒரு அம்புக்குறி இருக்கும், சில்லு சுத்துற பக்கம் பாத்துப் பூட்டவேணும். ஆணித் தலை நட்சத்திர வடிவம், டி 25 என்ற சாவி தேவை. அது எங்களிட்டயும் இல்லை, ஐயாவிட்டயும் இல்லை; மோட்டார் சைக்கிள் திருத்துற ஒரு தம்பியிட்ட இரவல் வாங்கினோம். ஒன்றை முழுக்க இறுக்கிப்போட்டு அடுத்ததுக்குப் போகாமல், எதிரெதிராய்க் கொஞ்சம் கொஞ்சமாய் இறுக்கவேணும்.

முன்னுக்குக் கலிப்பர் நேரே போர்க்கில் இருந்துவிட்டது. பின்னுக்கு இருக்கவில்லை. பிறேமில் ஓட்டைகளுக்கு இடைத்தூரம் 51 மில்லிமீற்றர், கலிப்பரில் 74. நடுவில் ஒரு தாங்கி போடவேணும். வாங்கி வந்து போட்டால் டிஸ்க் கலிப்பரின் உடம்பில் முட்டுது. அரை நாள் கல்லோடு மல்லுக்கட்டின மாதிரி மல்லுக்கட்டிப்போட்டு, தாங்கியைத் திருப்பிப் பாத்தால் அதில் "எஃப் 160, ஆர் 140" என்று அடிச்சிருக்கு. முன்னுக்குப் போட்டால் 160 டிஸ்க்குக்குப் பொருந்தும். அதையே பின்னுக்குப் போட்டால் 140க்குத்தான். எங்களுக்கு வேண்டியது "எஃப் 180, ஆர் 160". நாலு பேர் பல்கலைக்கழகம் போறம், ஒரு வரி வாசிக்கேல்லை.

இனித்தான் முக்கியமான இடம். றிம் பிறேக்கில் ரெண்டு கட்டையும் ரெண்டு பக்கத்தால் வந்து பிடிக்கும். எங்கட கலிப்பரில் அப்பிடி இல்லை. வெளிக்கட்டை மட்டும்தான் அசையும். சில்லுப் பக்கம் இருக்கிற உள்கட்டை அசையாது. கேபிளை இழுக்க, கலிப்பரில் இருக்கிற சின்னக் கை திரும்பி வெளிக்கட்டையைத் தள்ளும். அது டிஸ்க்கைக் கொஞ்சம் வளைச்சுக்கொண்டுபோய் உள்கட்டையோடு சேர்த்து நெரிக்கும். அதால உள்கட்டை டிஸ்க்குக்கு ஒரு கடதாசித் தடிப்புக் கிட்ட நிக்கவேணும். எவ்வளவு கிட்டவோ, டிஸ்க் அவ்வளவு குறைவாய் வளையும்.

இது எங்களுக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் சமனாய் இடைவெளி விட்டுக் கலிப்பரை இறுக்கினோம். சமன் என்றால் சரி என்று நினைச்சோம். லிவரை இழுத்தால் ஹான்டிலில் போய் முட்டுது, சில்லு மெதுவாய்ச் சுத்திக்கொண்டே இருக்கு. உடனே வரலாற்றுக்காரி குறட்டால் கேபிளை நல்லா இழுத்துப் பிடிக்க, மற்ற ஆள் இறுக்கினாள். இப்ப லிவர் கல்லு மாதிரி. சில்லு டக்கென்று நிண்டது. கைதட்டினோம். மூண்டு நாள் அப்பிடியே ஓடினோம். சில்லு சுத்தேக்க மட்டும் ஒவ்வொரு சுத்துக்கும் "சிர்... சிர்..." என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்துக்காகத்தான் ஐயாவிட்டக் கொண்டுபோனோம். அவர் கலிப்பரைத் தொடவேயில்லை. சைக்கிளைக் கவிழ்த்து, பின்சில்லைச் சுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அச்சு நட்டுகளைத் தளர்த்தி, சில்லைத் தட்டி நேராய் உக்கார வைச்சு, திருப்பி இறுக்கினார். பாதிச் சத்தம் போய்விட்டது. சில்லு ஒரு பக்கம் நூல் அளவு சரிஞ்சு இருந்தால் டிஸ்க்கும் சரியும்தானே. மிச்சப் பாதி, டிஸ்க்கில் ஒரு சின்ன வளைவு. முட்டுற இடத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டு, சுத்தமான துணி ஒன்று கேட்டு வாங்கி, டிஸ்க்கை அதால் பிடிச்சு மெதுவாய் நெளிச்சார். "றிம் நெளிஞ்சால் கம்பி இழுக்கிறம், இது அதே வேலைதான்."

பிறகு லிவரை அழுத்திப் பாத்தார். கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்லை. கலிப்பரில் இருக்கிற அந்தச் சின்னக் கையைச் சுட்டு விரலால் காட்டினார்.

"பிறேக் பிடிக்காமலே உந்தக் கை அரைவாசி வந்திட்டுது. கட்டை தேயத் தேய இன்னும் வரும். பிறகு முழுக்க வந்து முட்டும். அதுக்குப் பிறகு நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் என்ன வரப்போகுது?"

எங்களுக்குக் குளிர்ந்தது. அந்தக் கைக்குத் திரும்ப ஒரு அளவுதான் இடம் இருக்கு. அதில் பாதியைக் கேபிளை இழுத்தே நாங்கள் செலவழிச்சிருந்தோம். கட்டை தேய்ஞ்சு கை முட்டின பிறகு, லிவர் கல்லு மாதிரி இருக்கும், சைக்கிள் நிக்காது. அடுத்த நாள் காலமை சைக்கிளைப் புவியியல்காரியிட்டக் குடுக்கிறதாக இருந்தோம். அவள் பட்டறை வாங்கில் இருந்து எங்களைப் பாத்தாள். ஒண்டும் கேக்கேல்லை.

டிஸ்க் பிறேக் பழக்கமில்லை என்றவர், கேபிள் இழுக்கிற எந்தச் சாமானும் எப்பிடி ஏமாத்தும் என்று தெரிஞ்சவர். எங்களுக்கு உள்கட்டை விசயம் அதுக்குப் பிறகுதான் விளங்கினது, அண்டிரவு கைபேசியில் திருப்பித் திருப்பிப் பாத்து. அடுத்த நாள் ஐயாவுக்கும் காட்டினோம். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குந்தினார்.

கேபிளை முழுக்கக் கழட்டினோம். கை தன்ர ஆரம்ப இடத்துக்குத் திரும்பினது. சில்லுக் கம்பிகளுக்கு நடுவால் அலன் கீயை விட்டு, உள்கட்டையின் திருகைத் திருப்பி அதைக் கொஞ்சம் வெளியே கொண்டுவந்தோம். கலிப்பரின் ரெண்டு ஆணியையும் தளர்த்தி, சின்னக் கையைக் கையாலேயே அழுத்திப் பிடிச்சு, டிஸ்க்கை ரெண்டு கட்டையும் கவ்விக்கொண்டிருக்கேக்க ஆணிகளை மாறி மாறி இறுக்கினோம். ஒரேயடியாய் இறுக்கினால் கடைசித் திருப்பில் கலிப்பரும் சேர்ந்து திரும்பிவிடும். இதில் ஐயா ரெண்டு தரம் எங்களை நிப்பாட்டினார். பிறகு உள்கட்டையைக் கால் சுத்துப் பின்னுக்கு. பஸ் ரிக்கெற் ஒன்றை இடைவெளிக்குள் விட்டுப் பாத்தோம், போய் வந்தது. கடைசியாய்த்தான் கேபிள், தொய்வு எடுக்கிற அளவுக்கு மட்டும். இனிக் கட்டை தேய்ஞ்சால் கேபிளை இழுக்கிறதில்லை, முதலில் உள்கட்டையைக் கிட்டக் கொண்டுவாறது.

ஐயா காசு வாங்கேல்லை. "நானும் ஒண்டு பழகினன்தானே" என்றார்.

எல்லாம் சரியென்று வீட்டை வந்து, செயினுக்கு ஒயில் ஸ்பிறே அடிச்சோம். அது பறந்து டிஸ்க்கிலும் பட்டது. பிறேக் பிடிச்சால் ஊளையிட்டுக்கொண்டு வழுக்குது. கொரோனா காலத்துச் சனிற்றைசர் ஒரு போத்தல் மிச்சம் இருந்தது, அதால துடைச்சோம். அதில் கிளிசரின் இருக்கு, இன்னும் வழுக்கினது. பிறகு பாமசியில் ஐசோபுறோப்பைல் அற்ககோல் வாங்கித் துடைச்சோம். ஊறின கட்டைச் சோடி தேறேல்லை, எறிஞ்சோம். நாலு மாதக் காசில் ஒரு பங்கு.

புதுக்கட்டை உடனே நல்லாப் பிடிக்காது. கொஞ்ச வேகமாய் ஓடி, நடக்கிற வேகம் வரும்வரை மெதுவாய்ப் பிடிச்சு, விட்டு, திருப்பி ஓடவேணும், இருபது தரம் அளவில். அதை எங்கட ஒழுங்கையில் செய்தோம். வீட்டுக்கார அம்மா படலையில் நிண்டு, "இந்தப் பிள்ளையளுக்கு என்ன பிடிச்சது" என்று பாத்துக்கொண்டிருந்தா.

பதினெட்டாவது தரமோ பத்தொன்பதாவது தரமோ, புவியியல்காரி "விடு, நான் பாக்கிறன்" என்றாள். ஏறினாள். ஒழுங்கை முடிவு மட்டும் போய், ரெண்டு விரலால் பிடிச்சு நிண்டு, காலை ஊன்றினாள். திரும்பி வராமல் அங்கேயே இறங்கிக் குந்தி, கலிப்பரின் அந்தச் சின்னக் கையைப் பாத்தாள்.

இப்ப சனிக்கிழமைகளில் அவள்தான் பஸ் ரிக்கெற்றோடு இருக்கிறாள். வேற ஆரையும் தொட விடுறதில்லை. கம்பஸுக்கும் தானே ஓடிப் போறாள், திருநெல்வேலிச் சந்திக்கு நூறு யார் முதலே பிறேக் பிடிக்கத் தொடங்கிவிடுவாள், பின்னால வாற ஆட்கள் பேசுவினம். ஐப்பசி பிறக்க இன்னும் மூண்டு கிழமை இருக்கு. மழைக்குள் அவள் இன்னும் ஓடேல்லை.