நெஞ்சு அடிக்கிற சத்தம்

2018-இல் தேவாரம் ஊரின் மலையடிவாரத் தோட்டங்களில் இரவுக் காவல் கிடந்தவர்களுக்கு ஒரே நினைப்புதான்: மக்னா. தந்தமில்லாத அந்த ஆண் யானை ஆட்களை அடித்துக் கொன்றிருந்தது. அதை விரட்டப் பழக்கிய கும்கி யானைகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அந்த நாட்களிலும் காவலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயம் இல்லாம என்னய்யா? ஆனா பயந்த காதுக்குத் தென்னமட்டை விழுந்தாலும் யானைதேன். மொதல்ல நம்ம நெஞ்சு அடிக்கிற சத்தத்தக் கேட்டுக்கிறணும். அப்புறந்தேன் காட்டுச் சத்தம் தனியாப் பிரியும்."

தன்னை அறிவது பற்றி நான் கேட்ட பேச்சுகளில் எனக்கு இன்றுவரை உதவுவது இதுதான். பயம் வந்தால் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள். பிறகு வேலையைப் பார்.

இதே மதுரைச் சீமையில்தான் 1896-இல் பதினாறு வயது வேங்கடராமன் சாவு பயத்தை நேருக்கு நேர் பார்த்தான். பயம் வந்ததும் யாரையும் கூப்பிடாமல் பிணம்போலப் படுத்து, சாவது எது என்று தனக்குள் தேடினான். சில வாரங்களில் திருவண்ணாமலைக்குப் போய், பின்னாளில் ரமண மகரிஷி ஆனான். அவருடைய வாழ்க்கையில் என்னை அதிகம் இழுக்கும் செய்தி வேறு. அந்த மகரிஷி பல ஆண்டுகள் விடியுமுன்பே ஆசிரமத்து அடுக்களையில் உட்கார்ந்து காய்கறி நறுக்கினார். 'நான் யார்' என்ற விசாரணைக்கு அடுக்களை இடைஞ்சலாக இருக்கவில்லை.

என் கேள்வி அவ்வளவு ஆழமானதல்ல. 'இப்போது என்னை நடத்துவது யார்?' என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் பதில் ஏலக்காய் விலையாகத்தான் இருக்கும். போடியிலும் புற்றடியிலும் ஏலம் முடிந்ததும் விலை செல்போனுக்கு வந்துவிடும். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. ஊரில் நடையே மாறிற்று. பேச்சில் நிலமும் வண்டியும் கல்யாண மண்டபமும் வந்தன. மூன்று ஆண்டுகளுக்குள் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியபோது, அதே வீடுகளில் பிள்ளைகள் காரணம் தெரியாமல் திட்டு வாங்கினார்கள். இறங்கும் விலையை என்னால் நிறுத்த முடியாது. ஆனால் விலை சரிந்த கோபம் இது என்று எனக்குத் தெரிந்துவிட்டால், சாப்பாட்டுத் தட்டில் மிச்சம் வைத்த பிள்ளை அதற்கு அடி வாங்க வேண்டியதில்லை.

ஏலச்செடியில் காய் உச்சியில் தொங்குவதில்லை. தூரடியிலிருந்து கிளம்பும் சரங்களில், தரையை ஒட்டிக் கிடக்கும். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்தே இருக்கும். பிஞ்சைப் பறித்தால் உலர்த்தும்போது சுருங்கி நிறம் கெடும். அதிகம் பழுக்க விட்டால் வெடித்துவிடும். நாளெல்லாம் குனிந்தபடி, அட்டைக்கடிக்கு நடுவே, காய் எடுக்கும் பெண்கள் முற்றியதை மட்டும் கிள்ளிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து அடுத்த சுற்றில் அதே செடிக்குத் திரும்பி வருவார்கள். நாக்கு நுனிக்கு வரும் சொற்களிலும் பிஞ்சு இருக்கிறது. பங்காளி போனில் குத்தலாக ஒன்று சொன்னதும் எனக்குள் எழும் பதில் அனேகமாக அந்த ரகம். அதைச் சரத்திலேயே விட்டுவைக்கப் பழகி வருகிறேன். அடுத்த சுற்றில் பார்த்தால், அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது தெரியும். மீதிப் பாதிக்குச் சொல்ல வேண்டிய பதிலும் தெளிந்திருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தப் பெண்கள் இருட்டோடு எழுந்து, உலை வைத்து, தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு மலைத் தோட்டத்துக்கு ஜீப்பு ஏறுகிறார்கள். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை போட்டால் தூரம் குறையும் என்று ஊர் நெடுங்காலமாகக் கேட்கிறது. இன்னமும் போடி மெட்டையோ கம்பம் மெட்டையோ சுற்றித்தான் ஜீப்புகள் போகின்றன. நெருக்கியடித்து உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில் கொண்டைஊசி வளைவுகளைக் கடக்கிற ஒருத்தியிடம் 'மனசைக் கவனித்துப் பார் தாயி' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கு வேண்டியது இன்னும் ஒரு மணி நேரத் தூக்கமும், ஜீப்பில் சாய்ந்து உட்கார இடமும்.

ஓட்டுநரிடம் அதைச் சொல்லலாம்; அவர் அவசரம் அவரோடு நிற்பதில்லை. அது வண்டியில் இருக்கும் அத்தனை பேரையும் பள்ளத்தின் ஓரமாகக் கொண்டுபோகிறது. தோட்டக்காரரின் கோபமும் அப்படித்தான். காலையில் அவர் முகம் கறுத்தால் சாயங்காலம் எடை போடும் இடத்தில் முப்பது பேர் அதைச் சுமக்கிறார்கள். ஆகவே என் கேள்வியை முதலில் இவர்களிடம்தான் கொண்டுபோவேன்.

எனக்குத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர், விலை சரிந்த நாளில் எடை போடும் இடத்துக்குத் தான் போவதில்லை. கணக்குப்பிள்ளையிடம் கூலிப் பணத்தைக் கொடுத்தனுப்பிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "இன்னைக்கு என் வாய் சரியில்லப்பா" என்றார்.