மாதிரியிலும் பிழை உண்டு

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்பது பழமொழி. ஓலைச்சுவடிக் காலத்தில் பிறந்த இம்மொழி, கணினிக் காலத்திற்கும் பொருந்துகிறது என்பது வியப்பன்றோ?

கணினி மொழிகளைக் கற்பிக்கும் நூல்களிலும் விளக்கக் குறிப்புகளிலும் மாதிரி நிரல்கள் இருக்கும். அவற்றைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்துதான் நாம் கற்கிறோம். அந்த மாதிரியே பிழையாக இருந்தால்?

எங்கள் கணினி வகுப்பில் என் தோழி ஒருத்தி, பழைய வழிகாட்டி நூல் ஒன்றிலிருந்து பைத்தான் நிரல் ஒன்றை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்தாள். திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தது. மூன்று முறை முயன்றும் பயனில்லை. வீட்டில் கணினி இல்லாத அவள், "இது என் மண்டையில் ஏறாதுடி, அடுத்த ஆண்டு வேறு பாடம் எடுத்துக்கொள்கிறேன்" என்று கண் கலங்கினாள்.

சிஸ்டர் அருகில் வந்து, "முதலில் அந்தச் சிவப்பு வரியைப் படி, பிறகு அழலாம்" என்றார். படித்தோம். 'பிரிண்ட்' என்னும் கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இல்லை என்று கணினியே சொல்லியிருந்தது! 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு முதல் அந்த அடைப்புக்குறி கட்டாயம். நூலோ, 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுபோன இரண்டாம் பதிப்புக்காக எழுதப்பட்டது. அடைப்புக்குறி இட்டதும் நிரல் ஓடியது; அவள் முகமும் மலர்ந்தது. சிஸ்டர் சொன்னபடி, அவளே பதிப்பாளருக்குக் கடிதமும் எழுதினாள்.

வேறு வகைப் பிழைகளும் உண்டு. நேரான மேற்கோள்குறி அச்சில் வளைந்த குறியாகிவிடும். கண்ணுக்கு அழகு, கணினிக்குப் புரியாது. சொல்லின் எழுத்துகளை எண்ணும் மாதிரி நிரல் ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும். 'தமிழ்' என்று கொடுத்தால் 3 என்னாமல் 5 என்னும். 'மி'யின் இகரக் குறியையும் 'ழ்'இன் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணிவிடுகிறது!

பிழை திருத்துவது பெரும் பணி. உ.வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். தம் கைப்பிரதியை மட்டும் திருத்திக்கொண்டு அவர் இருந்திருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்? நம் பெசன்ட் நகரில் அவர் பெயரால் விளங்கும் நூல்நிலையம் அந்த உழைப்பை நினைவூட்டுகிறது. அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் குனுத், தம் நூல்களில் ஒரு பிழையை முதலில் கண்டு சொல்பவருக்கு 2 டாலர் 56 சென்ட் பரிசு என்று அறிவித்தார். பிழை சொல்பவரைப் பகையாக எண்ணாத பெருந்தன்மை அது.

ஆகவே தோழியரே, மாதிரி ஓடவில்லையென்றால் "எனக்கு வராது" என்று சோர்ந்துவிடாதீர்கள். பிழைச் செய்தியைப் படியுங்கள். நூல் எந்தப் பதிப்புக்கு உரியது என்று பாருங்கள். திருத்தியபின் எழுதியவருக்கும் தெரிவியுங்கள். பின்னால் வரும் தங்கை இடறாதபடி வழியில் கிடக்கும் கல்லை எடுத்துப் போடுவதும் பிறரன்புப் பணியே!