படுக்கையை எடுத்துச் செல்வது யார்?



ஓசூரின் ஏரிக்கரைகளையும் புறவழிச் சாலையின் ஓரங்களையும் மழைக்குப் பின் பார்த்திருப்பீர்கள். நனைந்து பெருத்த மெத்தைகள் அங்கே கிடக்கும். ஒன்று வயிறு கிழிந்து மஞ்சள் நுரையைத் துருத்திக்கொண்டிருக்கும். இன்னொன்றின் மேல் நாய் குட்டி போட்டிருக்கும். பழைய நாற்காலிக்குக் காயலான் கடை உண்டு, பழைய செய்தித்தாளுக்கு எடைக்காரர் உண்டு. பழைய மெத்தையைக் கேட்டு வாசலுக்கு வருவோர் இல்லை. ஆகவே அது இரவில் வீட்டைவிட்டுப் புறப்படுகிறது. ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்களில் நம் சபையாரும் இருக்கக்கூடும் என்பதால் இவ்வாரம் இதைப் பற்றியே எழுதுகிறேன். மெத்தையிலா தியானம் என்று சிரிக்காதீர்கள். வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நாம் அதன்மேல்தான் கழிக்கிறோம். ஆறாம் சங்கீதத்தின் தாவீது இரவெல்லாம் அழுது தீர்த்ததும் படுக்கையில்தான்.

நம் பெற்றோர் காலத்தில் மெத்தை என்றால் இலவம் பஞ்சு. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சு வரும். 'இலவு காத்த கிளி' என்று பழமொழியில் ஏமாந்து நிற்கும் அந்தக் கிளிக்குப் பயன்படாத காய்தான் நமக்குத் தூக்கம் தந்தது. அந்த மெத்தைக்குச் சாவு எளிதில் வராது. சில ஆண்டுகளில் பஞ்சு கட்டிதட்டிப் போனால் தையலைப் பிரித்து, வெயிலில் காயவைத்து, கோலால் அடித்து உதிர்த்து, குறைந்த அளவுக்குப் புதுப்பஞ்சு சேர்த்து, புது உறையில் அடைத்துத் தைத்துவிடுவார்கள். மெத்தை தைப்பவர் திண்ணையில் உட்கார்ந்து கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருக்க, தெருப் பிள்ளைகள் தும்மிக்கொண்டே வேடிக்கை பார்க்கும்.

இன்று நாம் வாங்குவது வேறு. தென்னை நாரை ரப்பர் பாலில் இறுக்கிய காயர் மெத்தை, எஃகுச் சுருள் வைத்த ஸ்பிரிங் மெத்தை, எல்லாவற்றையும் விட அதிகமாக ஃபோம் மெத்தை. ஃபோம் என்பது பாலியூரித்தேன் என்ற வேதிப்பொருள். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்பவரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்த பொருளின் வழிவந்தது. மென்மையானது, மலிவானது, ஆனால் அதைப் பிரித்து அடித்துத் திரும்பத் தைக்க வழியில்லை. மண்ணில் போட்டால் மட்குவதும் இல்லை. எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த நச்சுப்புகை எழும். போகியன்று பிளாஸ்டிக்கையும் டயரையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. மெத்தையையும் அந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். நுரை என்றதும் நம் ஊராருக்குக் கெலவரப்பள்ளி அணைதான் நினைவுக்கு வரும். பெங்களூரின் கழிவைச் சுமந்துகொண்டு தென்பெண்ணை எல்லை தாண்டி நுரைத்து வரும்போது, அடுத்த மாநிலத்தார் தங்கள் அழுக்கை நம் வாசலில் தள்ளிவிட்டார்கள் என்று கோபப்படுகிறோம். அந்தக் கோபம் நியாயமானதே. நம் மெத்தை யாருடைய வாசலில் கிடக்கிறது என்பதையும் அதே நியாயத்தோடு கேட்கவேண்டும்.

யோவான் சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். பெதஸ்தா குளம், ஐந்து மண்டபங்கள், 38 ஆண்டுகளாக வியாதிப்பட்டிருந்த மனிதன். ஆண்டவர் அவனை எழுந்து நடக்கச் சொன்னதோடு நிறுத்தவில்லை; கிடந்த படுக்கையையும் தூக்கிக்கொள்ளச் சொன்னார். அன்று ஓய்வுநாள் ஆனபடியால் அந்தப் படுக்கையே வழக்காயிற்று. சுகமானவனைக் கண்டு மகிழாமல் அவன் தோளில் இருந்ததைக் கண்டு குற்றம் பிடித்தார்கள். நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்த வழக்கைப் பற்றியே பேசுகின்றன. அந்தப் படுக்கை எப்படிப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

அங்கே யோவான் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் கிராபட்டோஸ். அது ஏழையின் பாய் அல்லது எளிய விரிப்பு. கப்பர்நகூமில் நால்வர் கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரனின் கதையில் மாற்குவும் இதே சொல்லை எழுதுகிறார். மத்தேயுவும் லூக்காவும் அக்கதையைச் சொல்லும்போது வேறு சொல்லைத் தேர்ந்துகொள்கிறார்கள். நடக்க மாட்டாதவன் நெடுநாள் கிடந்த விரிப்பு. வியர்வை, சீழ், இன்னும் சொல்லத் தகாதவை எல்லாம் அதில் ஊறியிருக்கும். சுகமான மகிழ்ச்சியில் அதைக் குளக்கரையிலேயே போட்டுவிட்டு ஓடத்தான் எவனுக்கும் தோன்றும். அப்படிப் போட்டிருந்தால் மறுநாள் காலையில் அதை அள்ளியிருக்க வேண்டியவர் யார்? இந்தக் கேள்வியை நான் எந்த வியாக்கியான நூலிலும் கண்டதில்லை. ஏரிக்கரையில் நனைந்த மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றும் தூய்மைப் பணியாளர்களைப் பார்த்தபோதுதான் எனக்கு இது எழுந்தது. இரண்டு பெண்கள் இருபுறமும் பிடித்தார்கள். நீர் குடித்த மெத்தை அசையவில்லை. மூன்றாமவர் வந்து காலால் உந்தினார். மெத்தையிலிருந்து வடிந்த தண்ணீர் அவர்களுடைய கை வழியாக முழங்கைவரை ஓடியது.

நம் சபையில் ஒரு தாயார் இருக்கிறார். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவருடைய கணவர் பக்கவாதத்தில் விழுந்து ஏழு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். அவரை அடக்கம் செய்து ஓராண்டு ஆனபின்பும் அந்த மெத்தை கட்டிலில் அப்படியே இருந்தது. அந்த அம்மா அதன் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். பெங்களூரில் வேலை செய்யும் மகன் புது மெத்தை வாங்கி அனுப்பிவிட்டான். அது உறை பிரிக்காமல் சுவரில் சாய்ந்திருந்தது. இறந்தவருடைய பாய் தலையணையை அன்றே வெளியேற்றிவிடுவது நம் ஊர் வழக்கம். உறவினர் பலமுறை சொல்லியும் அவருக்கு மனம் வரவில்லை. நான் போயிருந்த அன்று மெதுவாகக் கேட்டார்:

"ஐயா, இதத் தூக்கிப் போட்டா அவரையே தூக்கிப் போட்ட மாதிரி ஆயிடுமா?"

ஆகாது என்று சொல்வது எளிது. உயிர்த்தெழுதலைப் பற்றி இரண்டு வசனம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நான், "உங்க கல்யாணத்துக்கு வாங்கினதாம்மா?" என்று கேட்டேன். அவர் தேனிப் பக்கத்தைச் சேர்ந்தவர். அது சீராக வந்த இலவம் பஞ்சு மெத்தை. இரண்டு முறை பிரித்துத் தைத்தது. மூன்று பிள்ளைகளும் அதில் உருண்டவர்கள். எந்த மாமா பஞ்சை மூட்டையாகப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார் என்பது வரைக்கும் சொன்னார். ஒரு மணி நேரம் பேசினார். நான் பதில் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவரே மெத்தையை மாடிக்கு இழுத்துப்போய், தையலை அறுத்துப் பஞ்சை வெளியே எடுத்திருக்கிறார். நடுப்பகுதி முழுவதும் கறைபட்டுக் கல்லாய்க் கிடந்ததாம். கால்மாட்டில் மட்டும் பஞ்சு பஞ்சாகவே இருந்ததாம். அதை நான்கு நாள் வெயிலில் காயவைத்து இரண்டு தலையணை தைத்துக்கொண்டார். கெட்ட பஞ்சைச் சாக்கில் கட்டி, என்ன இருக்கிறது என்று குப்பை வண்டியில் வந்தவரிடம் சொல்லி, தாமே தூக்கிக் கொடுத்திருக்கிறார். அழுதீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியும் அல்ல.

இன்னொரு வழியையும் சொல்லவேண்டும். அது பக்தியுள்ளவர்களின் வழி. வீட்டில் புது மெத்தை வந்ததும் பழையதை 'ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம்' என்கிறோம். 1970-களில் சிப்காட் வந்த நாள்முதல் இந்த ஊர் பிழைக்க வந்தவர்களால் வளர்ந்தது. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஓர் அறையில் ஆறு பேர், எட்டு பேர் தங்குகிறார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவன், பகல் ஷிஃப்டுக்குப் புறப்படுகிறவனின் சூடு ஆறாத பாயில் படுக்கிறான். அவர்களுக்கு மெத்தை தேவையா என்றால் தேவைதான். எனக்குத் தெரிந்து அப்படி ஓர் அறைக்கு ஒரு குடும்பத்தார் மெத்தை கொடுத்தார்கள். நடுவில் குழி, மூத்திரக் கறை, மூட்டைப்பூச்சி. பிள்ளைகள் கைகூப்பி வாங்கிக்கொண்டார்கள். பிறகு அந்த அறை முழுவதும் பூச்சி பரவி, தங்களுடைய துணிமணிகளை எல்லாம் கொதிநீரில் போட வேண்டியதாயிற்று. அவர்களில் ஒருவன் அரைகுறைத் தமிழில் என்னிடம், "வேணாம் சொன்னா அவங்க மனசு கஷ்டம் ஆகும் ஐயா" என்றான். கொடுத்தவரின் மனத்தை வாங்கியவன் காக்கவேண்டியிருந்தது. இதை நான் தர்மம் என்று அழைக்க மாட்டேன். உங்கள் விருந்தாளியை அதில் படுக்க வைப்பீர்களானால் கொடுங்கள்; உறையைத் துவைத்து, வெயிலில் இரண்டு பக்கமும் காட்டி, முதலில் அவர்களிடம் வேண்டுமா என்று கேட்டுக் கொடுங்கள். இல்லையேல் அது குப்பை. குப்பையைக் குப்பை என்று சொல்வதில் இழிவில்லை.

சென்னை மாநகராட்சி 2025-இல், பழைய சோபா, கட்டில், மெத்தை முதலியவற்றைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. நம் ஓசூரும் 2019 முதல் மாநகராட்சிதான். உங்கள் வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். நான்கு பேர் கேட்டால்தான் எந்த ஏற்பாடும் பிறக்கும். அதுவரைக்கும் மெத்தையை மழையில் நனையவிடாதீர்கள், முழுதாகத் தெருவில் வைக்காதீர்கள். உறையைக் கிழித்து எடுங்கள். கெட்டித்துணி, சாக்காகத் தைக்கலாம். ஸ்பிரிங் மெத்தையின் எஃகைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். சுத்தமான ஃபோம் துண்டுகளை அரைத்து, பசையிட்டு அழுத்தி, ரீபாண்டட் ஃபோம் என்ற பெயரில் மறுபடியும் மெத்தை செய்கிற தொழில் உண்டு. குஷன் தைக்கும் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். இலவம் பஞ்சானால் தைப்பவர் இன்னும் கிடைக்கிறார். அவருக்கு வேலை கொடுங்கள்.

அப்போஸ்தலர் நடபடிகளில் லித்தா ஊரின் ஐனேயா எட்டு ஆண்டுகள் கிடந்தவன். பேதுரு அவனைத் தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொள்ளச் சொன்னார் என்பதை ஒன்பதாம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். அங்கேயும் அதே கிராபட்டோஸ்தான்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆலய வளாகத்தின் பின்புறம் வாலிபர் சங்கத்தார் கூடுகிறார்கள். தூக்க ஆளில்லாத முதியோர் வீடுகளிலிருந்து மூன்று மெத்தைகள் வருகின்றன. கத்தரிக்கோல், பழைய சாக்கு, கையுறை கொண்டுவாருங்கள். மூக்கை மூடத் துணி அவசியம்; இருமல் உள்ளவர்கள் பஞ்சுத் தூசிக்குத் தள்ளி நின்று தேநீரைப் பார்த்துக்கொள்ளலாம்.