சிண்டுக்கு ஒரு 'போதும்'

நாய்னா குலைக்கத்தாங்க செய்யும். அதை முழுசா நிறுத்தணும்னு நான் நினைக்கலை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஆடு வச்சிருக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க. தெருநாய்க கூட்டமா பட்டிக்குள்ள பூந்து கடிச்சுப் போட்ட கதையை ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. எங்க பட்டியில 14 உருப்படி இருக்குது. குரல் குடுக்க ஒரு நாய் வேணும். ஆனா எந்நேரமும் குலைக்கற நாய்க்கு யாரும் எந்திரிச்சு வந்து பார்க்க மாட்டாங்க. அதுதான் சிக்கல்.

எங்க சிண்டு பொமரேனியன் கலப்பு. கோயமுத்தூர்ல சொந்தக்காரங்களோட அடுக்குமாடி வீட்டுல வளர்ந்தவன். மேல்வீடு, கீழ்வீடுன்னு புகார் வரவும், "தோட்டத்துல குலைச்சா யாருக்கு என்னங்க"ன்னு எங்ககிட்ட விட்டுட்டுப் போனாங்க. முழங்கால் உசரம்கூட இல்லை, சத்தம் மட்டும் இட்டேரி முழுக்கக் கேக்கும். மயில் கத்தினாலும் குலைப்பான், மோட்டார் ஓடினாலும் குலைப்பான். பத்தே நாள்ல பக்கத்துத் தோட்டத்து மாமா வந்துட்டாரு. "ஏனுங் மாப்ள, எங்கம்மா ராத்திரி கண்ணே மூடறதில்லீங்க. 80 தாண்டின உசுரு." அவர் சண்டைக்கு வரலை. அதனாலயே எனக்குச் சங்கடம் ஜாஸ்தி.

எங்காவது கொண்டுபோய் விட்டுடலாம்னு வீட்டுல பேச்சு வந்துச்சு. அப்படி விட்ட நாய்கதானே கூட்டம் சேர்ந்து பட்டிக்கு வருது? நான் ஒத்துக்கலை.

ஒரு வாரம் அவன் எப்பெப்போ குலைக்கறான்னு நாள்காட்டித் தாள் பின்னாடி குறிச்சேன். பாதிக்கு மேல சாயங்காலம் 6 மணிக்கு மேலதான். அவனைக் கட்டற இடத்துல இருந்து இட்டேரி நேரா தெரியும். போற வர்ற வண்டியெல்லாம் அவன் விரட்டித்தான் போகுதுன்னு அவனுக்கு நினைப்பு. கட்டுத்தரைக்குப் பின்னாடி, ரோடு தெரியாத இடத்துக்கு மாத்தினேன். காலையில சங்கிலியை அவுத்து என்கூட வரப்புல நடக்க விட்டேன். மோந்து மோந்து நடந்தாலே நாய்க்கு அலுப்பு வந்துடும். இந்த ரெண்டுலயே பாதிச் சத்தம் குறைஞ்சுது.

அடுத்தது சோத்துக் குலைப்பு. தட்டைக் கையில எடுத்தாலே ஆரம்பிச்சுருவான். வாயை மூடற வரைக்கும் தட்டு கீழ இறங்காதுன்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டேன். முதல் மூணு நாள் முன்னைவிட ஜாஸ்தியாத்தான் கத்துவான். அப்போ பாவம்னு வச்சுட்டா, இன்னும் கொஞ்சம் கத்தினா கிடைக்கும்னு படிச்சுக்குவான். நாலாம் நாள் உக்காந்து பார்க்க ஆரம்பிச்சான்.

கடைசியா 'போதும்'. குலைச்சா எந்திரிச்சுப் போய், அவன் பார்க்கற பக்கம் நானும் பார்த்துட்டு, மெதுவா ஒரே ஒருவாட்டி "போதும்"னு சொல்லுவேன். நிறுத்தின அந்த நொடியே பொட்டுக்கடலை அளவு அவிச்ச முட்டை. லேட்டாக் குடுத்தா எதுக்குன்னு அவனுக்குப் புரியாது. மொதல்ல ரெண்டு நொடி சும்மா இருந்தாப் போதும், அப்புறம் அஞ்சு, அப்புறம் பத்து. பதிலுக்குக் கத்தவே கூடாதுங்க. நாமளும் கூடச் சேர்ந்து குலைக்கறோம்னு அதுக்குத் தோணும். அடிச்சா பயம் வரும், பயந்த நாய் இன்னும் குலைக்கும்.

ரெண்டு மாசம் ஆச்சு. போன மாசம் ஒரு ராத்திரி சிண்டு குலைச்சான், "போதும்"னு சொல்லியும் நிறுத்தலை. டார்ச் எடுத்துட்டுப் போனா, கிளுவை வேலி ஓரமா மூணு தெருநாய். விரட்டிவிட்டேன். 14 ஆடும் பத்திரம். சத்தம் கேட்டு மாமாவும் தடியோட வந்து நின்னாரு. "இன்னைக்கு அவன் சும்மா குலைக்கலைன்னு தெரிஞ்சுதுங் மாப்ள"ன்னாரு.

டவுன்ல நாய் வச்சிருக்கற நீங்களும் மொதல்ல உங்க பால்கனியில அது உக்கார்ற இடத்துல நீங்க உக்காந்து பாருங்க. அங்கிருந்து என்ன தெரியுதுன்னு பார்த்தாலே பாதி விசயம் புரிஞ்சுரும்.