முப்பத்தொன்பது இஞ்சுக் கணக்கு

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டுவித்த புதுமண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு இடையிடையே தையற்காரர்கள் இயந்திரங்களைப் போட்டுத் தொழில் செய்துவந்த நாட்களில், அவர்களுள் முதியவர் ஒருவரின் பக்கத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் அமர்ந்திருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. உடம்பை அங்குலத்தால் அளக்கிறவர்கள், மீட்டரில் விற்கிற துணியை எவ்விதம் கணிக்கிறார்கள் என்று பிரத்தியட்சமாகக் காணும் ஆவலே என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

சிறிது நேரத்துக்கெல்லாம் ஒரு தாய் தன் சிறுமியை அழைத்துவந்து, பாவாடைக்கு எவ்வளவு துணி எடுக்க வேண்டுமென்று கேட்டாள். பெரியவர் தோளில் கிடந்த நாடாவை எடுத்து, குழந்தையின் இடுப்பிலிருந்து கணுக்கால் வரையில் அளந்து, "முப்பது" என்றார். மடிப்புக்கும் இடுப்புப் பட்டிக்கும் நான்கு சேர்த்து, 44 அங்குலப் பன்னாவில் இரண்டு உயரம் வேண்டுமாகையால் அதை 68 ஆக்கி, காகிதத்தையோ பென்சிலையோ நாடாமல், "ஒண்ணே முக்கால் மீட்டர் எடுத்துட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்.

"எப்படிங்கய்யா கணக்குப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"மீட்டருக்கு முப்பத்தொம்பது இஞ்சு, தம்பி. அது போனா மிச்சம் இருபத்தொம்பது. முப்பத்தொம்பதுல முக்கால்வாசி அதானே?"

ஓர் அங்குலம் 0.0254 மீட்டர், 1959 முதல் சர்வதேச உடன்பாட்டினால் நிலைபெற்ற, பின்னம் விடாத அளவு இது. அதன்படி பெருக்கினால் 68 அங்குலம் 1.7272 மீட்டர் ஆகும். ஒரு மீட்டருக்கு உள்ளபடி 39.37 அங்குலம் இருக்க, பெரியவர் அந்தக் கடைசிச் சில்லறையைத் தள்ளிவிடுகிறார். இதை அறியாமை என்று எண்ணுவது பெரும் தவறென்பது என் அபிப்பிராயம்; மீட்டரைச் சற்றுக் குறுக்கி எண்ணுவதால் வேண்டிய துணி ஒரு நூல் கூடுமேயன்றி ஒருபோதும் குறையாது. 36 அங்குலக் கஜத்தில் தொழில் பயின்ற அவருடைய குருநாதர், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து மீட்டர் வழக்குக்கு வந்தபோது, "கஜத்துக்கு மேலே மூணு" என்று இவருக்குச் சொல்லிக் கொடுத்தாராம்.

நூறு மீட்டர் கொண்ட பெரிய வேலையானால், தள்ளிய சில்லறையே 37 அங்குலமாகத் திரண்டு ஏறத்தாழ ஒரு மீட்டரைத் தொட்டுவிடுமே என்றேன். அவர் நாடாவைப் புரட்டி, சென்டிமீட்டர் பொறித்த மறுபக்கத்தைக் காட்டினார். "அதுக்கு இது இருக்கு. அங்க இஞ்சுப் பக்கம் திரும்பவே மாட்டேன்."

தாய் துணியோடு திரும்பினாள். பெரியவர் அதைப் பலகைமேல் விரித்து, சாக்கட்டியால் கோடிட்டு, சரிபாதியாக வெட்டினார். கணக்குக்கு மேல் நின்ற முக்காலே அரைக்கால் அங்குலத்தை அவர் நறுக்கி எறியவில்லை, இரு துண்டுகளின் அடிமடிப்புக்குள்ளும் பங்கிட்டு ஒளித்துவைத்து, "வளர்ற பிள்ளை. தை மாசம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்று, சிறுமியின் தாயிடம் மடிப்பைத் தொட்டுக் காட்டினார்.