கறுத்த வெள்ளிக் காசைத் தேய்க்கலாமா?



குச்சவெளியில் எத்தனையோ வீடுகளில், வெற்றிலைப் பெட்டியிலோ உறுதிக்கட்டோடோ, ஒரு பழைய வெள்ளிக் காசு கிடக்கும். பெருநாளைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அது கையில் படும். உடனே பற்பசை, புளி, சாம்பல் எல்லாம் வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

போன தவணை எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று, பாடசாலைக் கண்காட்சிக்கு என்று தன் மூத்தம்மாவின் காசைக் கொண்டு வந்தது. விக்டோரியா மகாராணியின் தலை தெரிந்தது. பின்பக்கம் சேறும் கறுப்பும் அப்பியிருந்ததால் ஆண்டு தெரியவில்லை. மூத்தம்மாவின் உம்மாவுக்குக் கொடுத்த மஹர் காசில் மிஞ்சியது அது ஒன்றுதானாம். 1990இல் ஊரை விட்டு ஓடும்போது முந்தானையில் முடிந்து கொண்டு போனார்களாம். பிள்ளையின் உம்மாவுக்கோ வேறு யோசனை. மினுக்கி விற்றால் டியூஷன் காசுக்காவது உதவும் என்றார். அதையும் குற்றம் சொல்ல முடியாது.

முதலில் அந்தக் கறுப்பு என்னவென்று பார்ப்போம். பலர் அதைத் துரு என்கிறார்கள், இரும்புதான் துருப்பிடிக்கும். வெள்ளியோடு கந்தகம் சேர்ந்து வரும் வெள்ளி சல்பைடு இது. களப்புச் சேற்றைக் கிளறினால் கூழ்முட்டை நாற்றம் வருமே, அந்த வாயுவே போதும். காசை இறப்பர் பட்டி போட்டுக் கட்டி வைத்தாலும் கறுக்கும், இறப்பரிலும் கந்தகம் உண்டு. ஆக, அந்தக் கறுப்புக்குள் இருப்பது காசின் சொந்த வெள்ளிதான். தேய்த்து எடுத்தால் அதுவும் சேர்ந்து போகும். முதலில் அழிவது மேடான இடங்கள்: முகம், எழுத்து, ஆண்டு.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் ஒரு கடையில் கொடுத்து மெஷினில் மினுக்கி எடுத்தார். புதுக் கரண்டி மாதிரிப் பளபளத்தது. மன்னரின் தாடியைத்தான் காணவில்லை! வாங்க வந்தவர் வெள்ளியின் நிறைக்கு மட்டும் விலை சொல்லிவிட்டுப் போனார்.

சூடான நீரில் அப்பச்சோடாவும் அலுமினியத் தாளும் போட்டு அதில் காசை வைக்கும் முறையும் உண்டு. கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், தேய்ப்பு இல்லை. கரண்டி, கொலுசுக்கு நல்லது. பழைய காசுக்கு வேண்டாம், வெளிறிப்போன தோற்றம் வரும். சேகரிப்பவர்கள் பார்த்த உடனே பிடித்துவிடுவார்கள்.

கடலில் கிடந்த வெள்ளியின் கதை வேறு. திருகோணமலை சுவாமி மலையடியில் சுழியோடிய ஆர்தர் சி. கிளார்க்கையும் மைக் வில்சனையும் மூத்தவர்கள் அறிவார்கள். 1961இல் வில்சனும் இரு சிறுவர்களும் தென்கரையில், கிரேட் பாசஸ் பாறைத்தொடரில், மூழ்கிய கப்பலொன்றின் வெள்ளிக் காசுகளைக் கண்டார்கள். ஔரங்கசீப் காலத்து சூரத் ரூபாய்கள், ஹிஜ்ரி 1113. மூட்டை மூட்டையாகக் கட்டியாக இறுகியிருந்தன. வெளிப்பக்கத்துக் காசுகளைக் கடல் தின்றிருந்தது. உள்ளே இருந்தவை மூழ்கிய நாளில் இருந்தபடியே இருந்தனவாம். அந்த ஆண்டைத் தேய்த்து அழித்திருந்தால் எந்தக் காலத்துக் கப்பல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அரபு இலக்கம் தெரிந்த எங்கள் நான்காம் வகுப்புப் பிள்ளையே அதை வாசிக்கும். (மண்ணிலோ கடலிலோ இப்படி ஏதும் கிடைத்தால் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். ஒளித்து வைக்கிற சாமான் இல்லை.)

இனி மூத்தம்மாவின் காசு. அவரிடமே போய்க் கேட்டோம். கண் சரியாகத் தெரியாது, விரலால் தடவித்தான் பார்க்கிறார். "சேறு போகட்டும், கறுப்புக் கிடக்கட்டும். பளபளண்டு வந்தா அது கடைச்சாமான், என்ட உம்மாட காசில்ல" என்றார். பிள்ளையின் உம்மா ஒன்றும் பேசவில்லை. மஹர் பெண்ணின் சொத்து, அது வழிவழியாக வந்து இப்போது அவர் கையில் இருக்கிறது. முடிவும் அவருடையதுதான்.

பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை ஒரு கண்ணாடிக் கோப்பையில் எடுத்துக் காசைப் போட்டு வைத்தோம். (அசிட் அல்ல, தண்ணீர். பார்த்து வாங்குங்கள்.) நாளுக்கொரு முறை நீரை மாற்றினோம். தேய்க்கவே இல்லை. மூன்றாம் நாள் சேறு தானாகக் கழன்றது. பருத்தித் துணியில் ஒற்றி எடுத்தபோது தெரிந்தது: 1892. விஞ்ஞான கூடத்துத் தராசில் 11.5 கிராம். புதிதாக 11.66, அதாவது சரியாக ஒரு தோலா. வெள்ளிக்கு ஸகாத் 52½ தோலா என்று எங்கள் பெரியவர்கள் சொல்வது இந்தக் காசின் நிறையை வைத்துத்தான் பிள்ளைகளுக்கு விளங்கியது. அப்போது இலங்கைக்கெனத் தனி வெள்ளி ரூபாய் இல்லை, இந்திய ரூபாய்தான் இங்கும் ஓடியது.

காசு கண்காட்சிக்கு வந்தது, கறுப்போடேயே. இப்போது அமிலமில்லாத கடதாசியில் சுற்றி மறுபடி வெற்றிலைப் பெட்டிக்குள் போய்விட்டது. மென்மையான பிளாஸ்டிக் உறையில் மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லி வந்தோம், நாளாக ஆக அது பச்சையாய்ப் பிசுபிசுக்கும். டியூஷன் காசுக்கு வேறு வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.