மண்டையில்லாத பனை

குன்னூரில் இருந்துகொண்டு மரங்களைப் படமெடுப்பவனுக்கு மூடுபனி பழகிவிடும். பின்னால் இருக்கும் மலை, மின்கம்பம், பக்கத்து மரம் எல்லாவற்றையும் பனி விழுங்கிவிட, முன்னால் நிற்கும் ஒரு மரம் மட்டும் கரிக்கோட்டில் வரைந்ததுபோல் மிஞ்சும். நாலுக்கு ஐந்து அங்குல ஃபிலிமில் அதைப் பதிவதற்குப் பொறுமை வேண்டும், உண்மைதான். ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை மேகமே முடிவு செய்துவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுக்குப் பனைகளை எடுக்கப் போனேன். அங்கே மறைத்துக்கொடுக்க ஒன்றுமே கிடையாது.

பனை மேல் எனக்குப் பெரிய மதிப்பும் இருந்ததில்லை. திருநெல்வேலி ரயிலின் ஜன்னலில் வரிசையாக ஓடும் மரம், ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று என்றே நினைத்திருந்தேன். என் கண்ணை வளர்த்த மரப்படங்கள் வேறு ரகம். யோசெமிட்டியில் சென்டினல் டோம் என்ற பாறை உச்சியில் தனியே நின்ற ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே கார்ல்டன் வாட்கின்ஸ் எடுத்தார். 1940இல் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்தார். காற்று முறுக்கிப் பிழிந்த அதன் கிளைகளைப் பார்த்துத்தான் பெரிய கேமராவின் மேல் எனக்கு ஆசை வந்தது. 1970களின் வறட்சியில் பட்டுப்போன அந்த மரம் 2003இல் சாய்ந்துவிட்டது. மரப்படம் என்றால் என் மனத்தில் கிளைதான். பனையிடம் அது இல்லை.

குதிரைமொழித் தேரியில் இறங்கியதும் மண்ணின் நிறம் என்னைத் திணறடித்தது. இரும்பு ஆக்சைடு பூசிய மணல், காலை வெயில் பட்டதும் கனல்போல் சிவக்கிறது. கருப்பு வெள்ளையில் இந்தச் சிவப்பு என்னவாகும்? சிவப்பு ஃபில்டர் போட்டால் வானம் இருண்டு அழகாகத்தான் இருக்கும், ஆனால் மணல் வெளுத்து ஏதோ கடற்கரையாகிவிடும். சிவப்பே தெரியாத ஆர்த்தோ ஃபிலிமில் எடுத்தால் தரை கன்னங்கரேலென்று போய், கறுத்த பனைத்தண்டு அதிலேயே கரைந்துவிடும். பச்சை ஃபில்டரோடு இல்ஃபோர்டு எஃப்பி4 என்று முடிவு செய்தேன். மண் கொஞ்சம் கனக்கும், ஓலை கொஞ்சம் தெளியும். நிறம் போனாலும் மண்ணின் எடையாவது மிஞ்ச வேண்டும் என்பது என் ஆசை.

தேரியின் ஓரத்தில் ஒரு பனைவிளை. உள்ளே ஓலை வேய்ந்த விடிலி. வாசலில் காவோலையை ஒடித்து அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்த அம்மாவிடம், “படம் எடுத்துக்கவா அக்கா?” என்று கேட்டேன். “எடுங்க, யாரு வேண்டாங்கா?” என்றார். அவர் கணவர் அப்போது மரத்தின் மேலே இருந்தார். பாளையைச் சீவும் அரிவாளின் சத்தம் மட்டும் கீழே கேட்டது.

நான் எடுக்க நினைத்தது தண்டை. பக்கத்தில் போனால்தான் தெரிகிறது, பனையின் உடம்பு ஒரே கறுப்பு அல்ல. உதிர்ந்த மட்டைகளின் தழும்புகள் வளையம் வளையமாக ஏறிப்போகின்றன. பனையேறியின் நெஞ்சும் காலும் உரசும் பக்கம் தேய்ந்து மழமழவென்றிருந்தது. மறுபக்கம் சொரசொரப்பாக, செதில் செதிலாக இருந்தது. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்துக்குள் தடவும் சுண்ணாம்பு சிந்தி, வெள்ளைக்கோடாக வழிந்து காய்ந்திருந்தது. அந்த வெள்ளைக்கும் தழும்பின் இருட்டுக்கும் இடையே எத்தனை சாம்பல் நிறங்கள்! ட்ரைபாடை மணலில் அழுத்தி ஊன்றி, கருப்புத் துணிக்குள் தலையை விட்டு, லூப்பைக் கண்ணாடியில் வைத்துத் தழும்புகளைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தேன்.

“நானும் பாக்கட்டா?” அக்கா பின்னால் வந்து நின்றிருந்தார். துணியைத் தூக்கிக் கொடுத்தேன். வெகுநேரம் உள்ளே பார்த்தார். வெளியே வந்தபோது முகத்தில் கோபமே இருந்தது.

“மண்டைய எங்க தம்பி?”

தண்டை மட்டும்தான் எடுக்கிறேன், அந்த வளையங்களும் தேய்மானமும்தான் எனக்கு வேண்டும் என்று விளக்கினேன்.

“மண்டையில்லாத பனை செத்த பனைல்லா? இடி விழுந்தா, வண்டு குருத்தத் தின்னா அப்பிடித்தான் மொட்டையா நிக்கும். உசுரோட நிக்க மரத்த எதுக்கு மொட்டையா எடுக்கிய?”

நானும் விடவில்லை. மனுசன் கையை மட்டும் படமெடுப்பதில்லையா என்றேன். கையில்லாமலும் மனுசன் இருப்பான், மண்டையில்லாமல் இருப்பானா என்றார். வேம்பை வெட்டினால் துளிர்க்கும், பூவரசை வெட்டிக் கொம்பை நட்டாலே தழைக்கும், பனைக்கு உயிர் ஒரே இடத்தில்தான் என்றார். குரல் உயர்ந்துவிட்டது. மேலேயிருந்து, “என்னவாம்?” என்று கேள்வி வந்தது. “ஒம்ம மரத்துக்கு மண்டைய எடுத்துட்டாரு!” என்று அண்ணாந்து பதில் சொன்னார்.

தாவரவியல் முழுக்க அவர் பக்கம். பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று, உச்சிக் குருத்துக்குள் இருக்கிறது. அது அழிந்தால் வேறெங்கிருந்தும் துளிர்க்காது. கிளைகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது: இது பல இடங்களில் உயிரைப் பிரித்து வைத்திருக்கும் மரம் அல்ல. முப்பது மீட்டர்வரைகூட உயர்ந்து, தன்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் உச்சியில் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு நிற்கிற மரம். ஆனாலும் தண்டுப் படத்தை நான் விடவில்லை. அவர் விடிலிக்குள் போன பிறகு அதை எடுத்தேன், இன்றும் அது எனக்குப் பிடித்த படம்.

பிறகு கேமராவை விளையின் மறுகோடிக்குத் தூக்கிப்போய் முழு மரத்தையும் வைத்துப் பார்த்தேன். சாதாரண கேமராவில் உச்சியைப் பிடிக்க அண்ணாந்தால் மரம் பின்னால் சாய்ந்து, மேலே போகப் போகக் குறுகிவிடும். பெரிய கேமராவில் ஃபிலிம் நிற்கும் பின்பக்கத்தை மரத்துக்கு இணையாக நிமிர்த்தி வைத்துவிட்டு, லென்ஸை மட்டும் மேலே உயர்த்தலாம். திருகைத் தளர்த்தி லென்ஸை ஏற்ற ஏற்ற, பிம்பம் தலைகீழாக விழும் கண்ணாடியின் அடிவிளிம்புக்கு வெளியே கிடந்த ஓலைக்கொத்து மெல்ல உள்ளே ஏறி வந்தது. தூரும் இருக்கிறது, மண்டையும் இருக்கிறது, தண்டு தூக்குக்குண்டு பிடித்ததுபோல் நேராக நிற்கிறது. கட்டடங்களை எடுப்பவர்கள் அன்றாடம் செய்யும் காரியம்தான். ஒரு மரம் அதைக் கேட்டு வாங்கும் என்று நான் எண்ணியதில்லை.

அண்ணாச்சி இறங்கி வந்தார். இடுப்பில் பாளை அரிவாள் பெட்டி, நெஞ்சில் மரம் உரசிய காய்ப்பு. துணிக்குள் அவரையும் பார்க்கச் சொன்னேன். உள்ளே பிம்பம் தலைகீழாகத்தான் தெரியும். முதல்முறை பார்க்கும் எல்லோரும் அதைச் சொல்லித்தான் வியப்பார்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “இந்த மரம் நடுவுல லேசா கடல் பக்கமாட்டு வளைஞ்சிருக்கும். இதுல காட்டுப் பக்கமால்லா வளைஞ்சிருக்கு?” என்றார். கண்ணாடியில் இடமும் வலமும்கூட மாறித்தான் விழும். ஆனால் நான் வெளியே வந்து மரத்தை ஏறிட்டுப் பார்த்தபோதும் அந்த வளைவு எனக்கு உடனே தெரியவில்லை. அவர் சொன்ன உயரத்தில் தேடிய பிறகே கண்ணுக்குப் பிடிபட்டது. நாளுக்கு இரண்டு முறை நெஞ்சைக் கொடுத்து ஏறுகிறவருக்கு அது உடம்பிலேயே இருக்கிறது.

“இப்பம் எடுத்துருங்க. வெயில் ஏறிட்டுன்னா காத்து வந்துரும்” என்றார். துளை எஃப்/32, நேரம் அரை விநாடி. அந்த அரை விநாடிக்குள் ஓலை அசைந்தால் நுனிகள் பஞ்சாகிவிடும். காற்று இல்லாத அந்த நேரம்தான் அவருக்கும் ஏறத் தோதான நேரம். 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் காகித நெகடிவில் எடுத்த லினியஸ் டிரைப் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியவர். நீண்ட நேரம் ஒளி காட்ட வேண்டிய காகிதத்தில் இலைகள் எப்படி நிற்கும்? நெகடிவின் மேலேயே வண்ணம் தொட்டு இலைக்கொத்துகளையும் மேகங்களையும் கையால் திருத்தியிருக்கிறார். எனக்கு அந்தக் கை கிடையாது. டார்க் ஸ்லைடை உருவிவிட்டு, ஓலையின் சலசலப்பு அடங்கும்வரை கேபிளைப் பிடித்தபடி நின்றேன். அண்ணாச்சிதான், “இப்பம்” என்றார். அழுத்தினேன்.

அக்காவின் கோபம் ஓலைப்பட்டையில் பதநீர் ஊற்றியபோது ஆறியிருந்தது. பட்டையை இரு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். பச்சை ஓலையின் வாசம் முதலில் வந்து, பின்னால் இனிப்பு வரும். குன்னூரில் பாட்டிலில் விற்கும் பதநீரைக் குடித்து முகம் சுளித்திருக்கிறேன். அது வேறு பானம். மனம் லேசாகி, சற்றுத் தள்ளி வெட்டவெளியில் நின்ற ஓர் ஒற்றைப் பனையைக் காட்டி, அடுத்து அதை எடுக்கப்போகிறேன், தனியாக நிற்பது எவ்வளவு அழகு என்றேன்.

அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. “அது தனியா நிக்கல. கூட நின்னதையெல்லாம் செங்கச் சூளைக்கு வெட்டிட்டுப் போயிட்டான். அது பாதைக்கு ஓரமா இருந்து தப்பிச்சிது” என்றார். 2021இல்தான் தமிழக அரசு, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது. அந்த மரங்கள் அதற்கு முன்பே விறகாகிவிட்டன. பனை பாளை விடவே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும், அதுவரை ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஒற்றை மரத்தை நான் எடுக்கவில்லை. ஆசை போய்விட்டது.

ஊருக்கு வந்து நெகடிவைக் கழுவி, பெரிய தாளில் பிரதி போட்டு அவர்களுக்கு அனுப்பினேன். சில நாள் கழித்து அண்ணாச்சி போனில் வந்தார். பேரனிடமிருந்து பூதக்கண்ணாடி வாங்கி வைத்துப் பார்த்தாராம்.

“கலயம் அஞ்சும் தெரியுது தம்பி. ஒண்ணுக்குக் கயிறு நைஞ்சிருக்கதுகூடத் தெரியுது, அன்னைக்கே மாத்தணும்னு நெனச்சேன். ஆறாவது அந்தப் பக்கம் பாளையில கெடக்கு, அது படத்துல விழல.” பின்னாலிருந்து அக்கா ஏதோ சொல்ல, அவர் அதைக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தார்: “அடுத்த தடவ வாரப்போ வடக்கு வரப்புல நிக்க ஆண்பனைய எடுக்கணுமாம். இப்பம் வராதீய, ஆடிக் காத்துல தேரி மண்ணு பறக்கும். மாசி கடைசியில வாங்க.”